காதுகுத்துப் பணம்

நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் ஐயனார் தன் தம்பிக்குத் தரவேண்டியிருந்தது. அந்தத் தம்பிதான் இப்போது அவர் மகளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

நாலு வயதுப் பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணுக்குள்தான் வைப்பார்கள். பெற்றவன் வெட்டக் கூடாது என்று கடப்பாரையைத் தம்பி சரவணக்குமாரிடம் கொடுத்துவிட்டார்கள். ஏழு வருடம் துபாயில் கணக்கெழுதிய கை. செம்மண் இறுகிக் கிடந்தது. குத்துகிற குத்தெல்லாம் எகிறித் திரும்பியது. கிணறு வெட்டியே நாற்பது வயதைத் தாண்டிய ஐயனார், துணியில் சுற்றிய சுடர்விழியை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்திருந்தார். இந்த ஒரு வேலையிலாவது நான் இவனைவிடக் கெட்டிக்காரன் என்று மனசு சொன்னது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா இது? அவருக்கே அருவருத்தது. ஆனாலும் நினைப்பு நகரவில்லை.

"சாய்ச்சுப் புடிடா. நேராக் குத்துனா எறங்காது."

"சரிண்ணே."

தை மாதம் தம்பி மகன் அரவிந்த்குமாருக்கும் இதே நோய்தான் வந்தது. காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், அழுகை. தம்பி பெண்டாட்டி சரண்யா அன்றைக்கே கார் பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனாள். சிறுநீரைப் பிடித்துக் கொடுத்து, அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று மூன்றாம் நாள் காகிதம் வந்தது. சொன்ன நாள்வரை மருந்து கொடுத்தார்கள். பையன் எழுந்துவிட்டான். பாதி பாட்டில் மிஞ்சியது.

சித்திரையில் சுடர்விழிக்கு எரிந்தது. ஐயனார் போய் அந்தப் பாட்டிலைக் கேட்டார்.

"மிஞ்சுனதக் கொட்டச் சொன்னாங்க மாமா. டாக்டர்ட்ட காட்டிட்டு அவங்க எழுதுறதக் குடுங்க" என்றாள் சரண்யா.

"கொட்டுனாலும் கொட்டுவா, எம்பிள்ளைக்குக் குடுக்க மாட்டா" என்று வீட்டுக்கு வந்து கத்தினார். மறுநாள் அவள் இல்லாத நேரம் பிரிட்ஜைத் திறந்து எடுத்துவந்தார். தம்பி மகனுக்குக் கேட்ட மருந்து தன் மகளுக்கும் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டில் காணாமல் போனதைப் பற்றிச் சரண்யா வாயே திறக்கவில்லை. அதுவும் அவருக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. மிச்சத்தைப் பத்திரப்படுத்தினார். வைகாசியில் திரும்பி வந்தது, திரும்பவும் இரண்டு நாள் கொடுத்தார். ஆனியில் காலிப் பாட்டிலைக் கடையில் காட்டி அதே மருந்தை வாங்கினார். ஆடியில் காய்ச்சல் எதற்கும் இறங்கவில்லை. அப்புறம்தான் தம்பியிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினார்.

"எல்லாப் பிள்ளைக்கும் வர்ற கிருமிதாங்க, குடல்ல இருக்கிறது" என்றாள் டாக்டரம்மா. "அரைகுறையா மருந்து குடுத்துக் குடுத்து அது பழகிப்போச்சு. இப்ப எதுக்கும் மடங்க மாட்டேங்குது. கிட்னிக்கு ஏறி ரத்தத்துல கலந்துருச்சு. முன்னாடியே வந்துருக்கலாமே?"

அவள் நீட்டிய காகிதத்தில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. முப்பத்தைந்து வயதுக்குமேல் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியவர் அவர். இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும், எல்லாப் பெயருக்கும் நேரே, கேட்காது என்று, ஒரே எழுத்தைத்தான் போட்டிருந்தார்கள் என்பது தெரிந்தது. நாலாம் நாள் பிள்ளை போய்விட்டது.

மண்ணைத் தள்ளிவிட்டு, ஊருணியில் முங்கி, ஈரத்தோடு வீடு திரும்பினார்கள். வேலியோரம் அரவிந்த்குமார் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான். முனகலில்லை, அழுகையில்லை. வளைந்து நீளமாக வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. சுடர்விழி இதற்கு உட்காரும்போதெல்லாம் அவர் கட்டைவிரலை நகம் பதியப் பிடித்துக்கொள்வாள். ஐயனார் பையன் முடிக்கும்வரை நின்று பார்த்தார். அவன் கால்சட்டையை ஏற்றிக்கொண்டு, "பெரியப்பா" என்று சிரித்தான். அவருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வாசலில் சரவணக்குமார் பக்கத்தில் வந்தான். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"அண்ணே, அந்தக் காச மறந்துரு."

"ஆமா மாமா, யாரு கேட்டா" என்றாள் சரண்யா.

"ஏன்? எம்பிள்ள போனதுக்குத் தள்ளுபடியா?"

சரண்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்த அவர் மனைவி செங்கமலம் எழுந்து உள்ளே போனாள். ஒரு தகர டப்பாவோடு வந்தாள். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். சுடர்விழியின் காதுகுத்துக்குச் சேர்த்தது. தம்பி மகனுக்கு மண்டபம் பிடித்து, பிளக்ஸ் வைத்துக் குத்தினார்கள். அதற்குக் குறையாமல் கிடாய் வெட்டி ஊரைக் கூட்ட வேண்டும் என்பது ஐயனாரின் வைராக்கியம். ஆனியிலேயே அவள் கேட்டாள், இதை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவோம் என்று. கையை வைத்தால் வெட்டுவேன் என்றவர் அவர்தான்.

"இதுலருந்து குடுங்க" என்றாள்.

ஐயனார் தம்பி முன்னால் நீட்டினார். சரவணக்குமார் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கினான். கொப்பளித்த கையால் ஒவ்வொரு தாளாக, கடைக்காரன்போல, இரண்டு தரம் எண்ணினான்.

"அஞ்சாயிரம் இருக்குண்ணே."

தன் வீட்டுக்குப் போய் இருநூற்றைம்பது எடுத்துவந்தான்.

"மீதி."

ஐயனார் வாங்கிக்கொண்டார். ஈர வேட்டியில் செருக முடியாது. செங்கமலத்தின் பக்கம் நீட்டினார். அவள் காலி டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டிருந்தாள்.