வெர்னா அடைத்த துளைகள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் சில்லிட்டிருந்தால் இந்தப் போர்வையின் ஓரத்தை இழுத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் போதும். ஒரு கதை சொல்கிறேன். அடுப்பும் கட்டிலும் கக்கூசும், கூடவே ஆறு சக்கரமும் உள்ள ஒரு வண்டிவீட்டின் கதை. அதில் இருந்த ஓட்டைகளை ஒன்று விடாமல் அடைத்த வெர்னாவின் கதை. நடுவில் சிரிக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது, முடிவில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே, பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு ஏரி. கரையில் வண்டிவீடுகள் நிற்கும் முகாம். பனி உருகியதும் மே மாதம் திறப்பார்கள், அக்டோபர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மூடுவார்கள். அன்றைக்குக் காவல்காரர் தண்ணீரை நிறுத்தி, குழாய்களுக்குள் காற்றை ஊதி ஒரு சொட்டு விடாமல் துரத்திவிடுவார். விட்டால் உறைந்து வெடித்துவிடும். அதன்பிறகு அங்கே மனிதர் இருக்க முடியாது.

வெர்னாவும் அவள் புருஷன் டுவெய்னும் அந்த மே மாதம் வந்து சேர்ந்தார்கள். டுவெய்ன் முப்பத்திநாலு வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். கோதுமை கொட்டும்போது கிளம்பும் தூசியில் பாதி கிடங்கில் தங்கியது, மீதி அவன் நெஞ்சில் தங்கியது. போன குளிர்காலத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வெர்னாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு குளிர்காலத்தை இவர் நெஞ்சு தாங்காது, உலர்ந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலம் முழுக்க வண்டிவீட்டை நிறுத்திக்கொண்டு வெயிலில் உட்காரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். தட்டுமுட்டுச் சாமானை விற்றார்கள். யாரோ ஒரு விவசாயி கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்த முப்பது வருஷப் பழைய வண்டிவீட்டை வாங்கினார்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, அதற்குள் ஒரு படுக்கையும் முன்பக்கம் ஒரு ஜன்னலும் உள்ள வண்டி.

வெர்னாவுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதியோர் இல்லத்தில் துணி வெளுத்தவள். ஆனால் கை சும்மா இராது. கணப்பைத் திறந்தாள், உள்ளே எலி கூடு கட்டியிருந்தது, பழைய சொந்தக்காரரின் கிறிஸ்துமஸ் ஜிகினாவை எல்லாம் சேர்த்து. குழாயைத் திறந்தாள், தண்ணீர் குழாய் வழியாக வராமல் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. ஒவ்வொன்றையும் புத்தகம் பார்த்து, பக்கத்து வண்டிக்காரர் ஆர்லோவைக் கேட்டுக் கேட்டுச் சரிபண்ணினாள்.

ஆர்லோ எழுபத்தைந்து வயது மனிதர். இருபது வருஷமாக வண்டியிலேயே குடியிருப்பவர். முதல் நாளே டயரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"டயர் புதுசு மாதிரிதானே இருக்கு?" என்றாள் வெர்னா.

"பக்கத்துல நாலு எண் இருக்கு பாருங்க அம்மணி, அதுதான் அது பிறந்த தேதி. இந்த டயர் பிறந்தப்போ என் முட்டி ரெண்டும் நல்லா இருந்துச்சு."

டயர்களை மாற்றினாள். இன்ஜின் மட்டும் தங்கம். சாவியைத் திருப்பினால் ஒரே முறுக்கில் எழுந்துவிடும்.

மே மாதக் கடைசியில் முதல் மழை. பின்பக்கக் கட்டிலில் படுத்திருந்த டுவெய்னின் நெற்றியில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது.

"வெர்னி, யாரோ மேல இருந்து எனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாங்க. நான் ஏற்கனவே லூத்தரன் சபையில வாங்கிட்டேன்னு சொல்லு."

அவன் சிரித்தான், சிரிப்பு இருமலானது, இருமல் கால்மணி நேரம் நிற்கவில்லை. வெர்னா அன்றைக்கு மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தாள். இனி இந்த மனுஷன் மேல் ஒரு சொட்டு விழாது.

மறுநாளே ஏணி போட்டுக் கூரை ஏறினாள். மூட்டு மூட்டாகப் பழைய பசையைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை வைத்தாள். கூரை முடிந்ததும் பக்கச் சுவர்கள், அதன்பின் ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னல் சட்டத்தின் அடியிலும், வெளிப்பக்கம், தீக்குச்சி நுழைகிற அளவில் இரண்டு துளைகள் இருந்தன.

"பாரேன் டுவெய்ன், செஞ்சவன் அவசரத்துல அப்படியே விட்டுட்டான். இதுவழியாத்தான் மழை வந்திருக்கு."

டுவெய்ன் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பசைக்குழாயின் நுனியைக் கத்தியால் வெட்டி வெட்டிக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு துளையிலும் பசையை அழுத்தி, விரலை எச்சிலில் நனைத்து வழவழவென்று தடவிவிட்டாள். எட்டு ஜன்னல், பதினாறு துளை.

"இனிமே இது கப்பல்தான்," என்றாள்.

"கப்பல் எங்க? நீர்மூழ்கி."

ஜூலையில் மழை கொட்டியது. ஆகஸ்டில் இன்னும் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வெர்னா ஏணிமேல் நின்று எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள், வாயில் ஏதோ ஒரு பாட்டு முணுமுணுப்பாக ஓடும். முகாமில் எல்லாரிடமும் சொன்னாள், அக்டோபரில் கிளம்புகிறோம் என்று. அரிசோனா வரைபடத்தை டுவெய்ன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தங்கப்போகும் ஊர்களைப் பென்சிலால் சுழித்தான்.

ஆகஸ்டில் உள்ளே ஒரு வாசனை வந்தது. லேசான, புளித்த வாசனை.

"உன் சாக்ஸைத் துவைக்கிறதா இல்ல புதைக்கிறதா?" என்று வெர்னா கேட்டாள்.

"புதைச்சா ஏரி மீனெல்லாம் செத்துடும்," என்றான் டுவெய்ன்.

அவள் சாக்ஸைத் துவைத்தாள், மூலைக்கு மூலை கிண்ணத்தில் வினிகர் வைத்தாள். வாசனை போகவில்லை. டுவெய்னின் இருமலும் போகவில்லை, கூடியது. செப்டம்பரில் ஆக்சிஜன் குழாய் அவன் மூக்கை விட்டு இறங்கவே இல்லை. குளிர் வருகிறது, அதுதான் என்று அவள் நினைத்தாள். சீக்கிரம் கிளம்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

முகாம் மூட ஒன்பது நாள் இருந்தது. நெடும்பயணத்துக்கு முன் வண்டியை ஒரு தரம் பார்த்துச் சொல்வதாக ஆர்லோ வந்தார். பத்து நாளாக மழையில்லை, நல்ல வெயில். பிர்ச் மரங்கள் மஞ்சளாக நின்றன. டுவெய்ன் ஏரிக்கரை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வெர்னா காபிக் கோப்பையோடு அவர் பின்னாலேயே நடந்தாள், பரீட்சைத்தாளைத் திருத்தக் கொடுத்த பிள்ளை மாதிரி.

ஆர்லோ சுவரை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். முன்மூக்குக்கு வந்ததும் சத்தம் மாறியது. தலையணையைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பேச்சை நிறுத்தினார். கட்டைவிரலால் அழுத்தினார். சுவர் உள்ளே போனது, கேக் மாதிரி.

"உள்ளே வந்து ஒரு பலகையைக் கழட்டிப் பார்க்கட்டுமா?"

கழற்றினார். படுக்கைக்கு அடியில் மூக்கைத் தாங்கும் சட்டங்கள் கறுத்துப் போயிருந்தன. ஒன்றைத் தொட்டார். வடிகட்டிய காபித்தூள்போல் கையோடு வந்தது. பின்பக்கம் போய் டுவெய்னின் தலைமாட்டுப் பலகையையும் கொஞ்சம் நெம்பிப் பார்த்தார். அதன் உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, வெல்வெட்டுத் துணி ஒட்டினாற்போல. வெர்னாவும் அதைப் பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் பலகையை மூடினார்.

வெளியே வந்ததும் ஜன்னலின் அடிச்சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை யாரு அடைச்சது அம்மணி?"

வெர்னாவின் குரல் சின்னதாகிவிட்டது. "நான்தான்."

ஆர்லோ சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, வழவழவென்று இருந்த பசையில் குத்தி இழுத்தார். டீ நிறத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பத்து நாள் மழையில்லாத வெயிலில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, வெர்னாவின் செருப்பெல்லாம் நனைய.

"எந்த ஜன்னலா இருந்தாலும் கண்ணாடி ஓரமா கொஞ்சம் தண்ணி சட்டத்துக்குள்ள இறங்கத்தான் செய்யும். அது வெளிய போறதுக்குத்தான் இந்தத் துளை. அடைச்சா அது சுவத்துக்குள்ளதான் போகணும், வேற எங்க போகும்?"

வெர்னா கோப்பையைப் படியில் வைத்தாள்.

"ஓட்டலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நெடுஞ்சாலையில அறுபது மைல் வேகத்துல போனா காத்து இந்த மூக்குக்கு அடியில பூந்து மேல தூக்கும். பிஞ்சு போயிடும். நீங்க ரெண்டு பேரும் உள்ள இருப்பீங்க."

"பலகை வச்சு முடுக்கினா?"

"முடுக்க மரம் வேணுமே அம்மணி."

அவள் கேட்கவில்லை. ப்ளைவுட் வாங்கி வந்தாள். ஆர்லோவும், நடக்காது என்று தெரிந்தும், இரண்டு நாள் கூடவே நின்றார். வெர்னா திருகாணியை வைத்துச் சுற்றினாள். சுற்றினாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது, எதையும் பிடிக்கவில்லை. வேறு இடத்தில் வைத்தாள், அங்கேயும் பிடிக்கவில்லை. ஒரு சாண் தள்ளி, ஒரு முழம் தள்ளி, இடதுபக்கச் சுவர் முழுக்க வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆர்லோ அவள் கையிலிருந்த டிரில்லை மெல்ல வாங்கி அணைத்தார்.

"கூரையைக் கழட்டி முழுசா திரும்பக் கட்டணும். சூடு போட்ட கொட்டகைக்குள்ள ஒரு குளிர்காலம் பூரா வேலை. என்னால முடியாது. யாருகிட்டயும் அப்படி ஒரு கொட்டகையும் இல்ல."

காரணத்தை டுவெய்னிடம் போய்ச் சொன்னதும் ஆர்லோதான். படியில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "வித்தவன் உங்களை ஏமாத்திட்டான் டுவெய்ன். பழைய உளுப்பு. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான்," என்றார். வெர்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாசமாப் போறவன்," என்றான் டுவெய்ன். வரைபடத்தை மடித்தான். பழைய மடிப்பில் அது உட்காரவில்லை, இரண்டு தரம் பிரித்து மடித்தான்.

அந்தப் பொய்யை வெர்னா ஒரு நாள் வைத்திருந்தாள். மறுநாள் காலை ரொட்டியை வாட்டி வைத்துவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"டுவெய்ன், அந்த ஆள் ஏமாத்தல."

"எந்த ஆள்?"

"வண்டியை வித்த ஆள். நான்தான் உளுத்துப்போக வச்சேன். ஜன்னல் அடியில இருந்த துளை தண்ணி வெளிய போறதுக்காம். அதை நான் அடைச்சுட்டேன். மழை பூரா சுவத்துக்குள்ள போயிருக்கு. உன் தலைமாட்டுல பூஞ்சை பிடிச்சிருக்கு. மூணு மாசமா அதைத்தான் நீ இழுத்து விட்டுக்கிட்டு இருந்திருக்க."

டுவெய்ன் ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"பசைக்குழாய் மூக்கை வெட்டிக் குடுத்தது யாரு?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"வெர்னி, கிடங்குல முப்பத்திநாலு வருஷம் என்னை எதுக்கு வச்சிருந்தாங்க? இந்த மூக்குக்காக. குதிருக்கு அடியில ஒரு கை கோதுமை பூஞ்சை பிடிச்சா, நான் மேல நின்னே சொல்லிடுவேன். சாக்ஸ் நாத்தத்துக்கும் பூஞ்சை நாத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவள் அவனையே பார்த்தாள். "எப்போ தெரியும்?"

"ஆகஸ்ட் முதல் வாரம்."

"ஏன் சொல்லல?"

"நீ ஏணிமேல நின்னு பாடிக்கிட்டு இருந்த." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். "எத்தனை வருஷமாச்சு நீ பாடி. கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டேன். அரிசோனா போனா எல்லாம் காஞ்சிடும்னு நெனச்சேன்."

"ஆகஸ்ட்ல சொல்லியிருந்தா ஒரு மூலையோட போயிருக்கும்! ஒரு மூலையோட போயிருக்கும்டா கிழவா!"

"தெரியும்," என்றான் டுவெய்ன்.

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பிறகு குளிர் அடிக்கிறது என்று மூடினாள். பிறகு பூஞ்சை இருக்கிறதே என்று திறந்தாள். கடைசியில் கை வலிக்க, பாதி திறந்தபடி விட்டுவிட்டு உட்கார்ந்தாள். ரொட்டி ஆறிப்போனது.

அந்த முகாமில் ஒரு வழக்கம். மூடுகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா வண்டியும் வரிசையாகக் கிளம்பும். வாசலைத் தாண்டும்போது மூன்று தடவை ஹாரன் அடிக்கும். இன்னும் கிளம்பாதவர்கள் வழியோரம் நின்று பாத்திர மூடியைத் தட்டி அனுப்புவார்கள். அன்றைக்கு வெர்னா சூப்புச் சட்டியின் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். முதலில் முப்பது பேர் தட்டினார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு ஆர்லோவும் வெர்னாவும். கடைசியில் ஆர்லோவும் வண்டியேறினார். ஜன்னல் வழியாக, பசையைக் குத்தி எடுத்த அந்த ஆணியை அவள் கையில் வைத்தார். வாசலில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. வளைவு தாண்டி, மரங்களுக்குப் பின்னால் போனபிறகு மூன்று தடவை, மெதுவாகக் கேட்டது.

காவல்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டு, நாளைக் காலை வரை இருங்கள் என்றார். டுவெய்னின் தங்கை ஃபார்கோவிலிருந்து காரோடு வருவாள். அவள் வீட்டில் தரைக்குக் கீழே ஒரு அறை இருந்தது, சிமெண்டுத் தரை. வண்டியைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போவான்.

அப்போதுதான் இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டு வெர்னா திரும்பினாள். டுவெய்ன் ஆக்சிஜன் குழாயோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். ஒரே முறுக்கில் எழுந்திருந்தது, எப்போதும்போல. கண்ணாடிக்குப் பின்னால் அவன் அவளைப் பார்த்தான். மூன்று தடவை ஹாரன் அடித்தான்.

காலி முகாமில், வழியோரத்தில் ஒற்றையாக நின்று வெர்னா மூடியைத் தட்டினாள். கை ஓயும்வரை தட்டினாள். வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. பிறகு அவன் சாவியைத் திருப்பி அணைத்தான்.

அரிசோனா மணலை டுவெய்ன் பார்க்கவே இல்லை கண்ணுகளா. ஃபார்கோ அறையில் கூரையை ஒட்டி ஒரே ஒரு ஜன்னல், நவம்பரிலேயே பனி அதை மூடிவிட்டது. ஜனவரி முடிவதற்குள் அவன் மூச்சும் முடிந்தது. டாக்டர்கள் பழைய தூசி என்றார்கள். யாரும் வெர்னாவைக் குற்றம் சொல்லவில்லை, அவள் சொன்னபோதும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழையும் முன் வெளியே நின்று ஜன்னலின் அடியைத்தான் முதலில் பார்க்கிறாள். அந்த ஆணி அவள் மேல்கோட்டுப் பையில் கிடக்கிறது.

கதை அவ்வளவுதான். எழுந்து போவதற்கு முன் இதையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் கூரை இறுக்கமாக இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். அதையும் மீறி உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், அது வெளியே போக வழியும் இருக்கட்டும். நாற்றம் தெரிந்தவர் வாய்விட்டுச் சொல்லட்டும், கேட்பவர் காதில் அது நேரத்தோடு விழட்டும். உங்கள் வீட்டில் எல்லாரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டுத் தூங்கட்டும்.