வேற பேருதான் அண்ணி

…இவான், இவான் என்றுதானே சொன்னாள், இல்லை காதில்தான் கோளாறா, உள்ளே லென்ஸ் தேய்க்கிற மெஷின் வேறு கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டிருக்கிறது, 'இவன்' என்று ஏதாவது சொல்ல வந்திருப்பாளோ, இவன் பொறந்திருக்கான், இவன் நல்லா இருக்கான் என்று… இல்லை, குழந்தைக்கு வைத்த பேரு இவான்தான், தெளிவாகத்தான் சொன்னாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத முகத்தோடு, எதிரில் இருப்பது தூணா ஆளா என்று தெரியாதவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற நாத்தனார். முன்னாள் நாத்தனார் என்று சொல்ல வேண்டுமோ? புருஷன் முன்னாள் ஆகலாம், கையெழுத்துப் போட்டால் ஆகிவிடுகிறான், நாத்தனார் எப்படி ஆவாள், இன்னும் வாய் நிறைய அண்ணி என்றுதானே கூப்பிடுகிறாள், இந்த ஊரில் கண்ணாடிக் கடைக்கா பஞ்சம், கழன்றுபோன ஒரு திருகாணிக்காக இரண்டு பஸ் மாறி இங்கேதானே வருகிறாள்.

"வேற பேருதான் அண்ணி," என்கிறாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி, ஏதோ மருந்து கொடுக்கிற மாதிரி. "அண்ணன் இப்பக் கட்டிக்கிட்டவளோட பாஷையில உள்ள பேரு. அவ ஆளுங்கள்ல தெருவுக்கு நாலு பேரு இருப்பாங்களாம். நீங்க ரெண்டு பேரும் தேடி வெச்ச பேரை மட்டும் தொடாதேன்னு நான் அண்ணன்கிட்ட முன்னாடியே கறாரா சொல்லிட்டேன். அது அண்ணியோடதுன்னு சொன்னேன். சரின்னுட்டாரு." நல்லவள், நாத்தனார் மாதிரி நல்லவள் கிடைக்க மாட்டாள், தன் அண்ணனிடம் போய் எனக்காகக் காவல் நின்றிருக்கிறாள்… அவள் என்ன செய்வாள், அவளுக்கு எப்படித் தெரியும்? திருகாணி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எள்ளில் பாதி கூட இல்லை, ஃப்ரேமின் காதுத்துளையில் வைத்தால் நழுவுகிறது, மறுபடி வைத்தால் மறுபடி நழுவுகிறது, தினமும் எத்தனை மாட்டுகிற கை இது.

வேறு பேரா? இவள் உண்டாகியிருந்தபோது புருஷன் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ பெயர் அகராதி அச்சாகிக்கொண்டிருந்த சமயம், தடி தடியாய்ப் பக்கங்கள், சாயங்காலம் வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து, டேய், இன்னிக்கு உனக்கு ஒரு பேரு கொண்டாந்திருக்கேன், என்பான். ஒரே பேருதான், ஒரே பேரின் வேறு வேறு உடுப்புகள். முதலில் யோகனான், கடவுள் அருள் செய்தார் என்று அர்த்தமாம், எபிரேயத்தில் பிறந்து கிரேக்கத்துக்குப் போய் யோவான்னெஸ் ஆகி, அங்கிருந்து கிளம்பி, போகிற ஊரிலெல்லாம் ஒரு எழுத்தைத் தொலைத்து ஒரு எழுத்தைக் கடன் வாங்கி, ஒரு இடத்தில் ஹுவான், ஒரு இடத்தில் ழான், அதைச் சொல்ல அவன் உதட்டைக் குவித்தால் இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், ஜொவான்னி, ஹான்ஸ், ஷான், அரபியில் யஹ்யா… வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தால் அந்தப் பேரு பிடிச்சிருக்கு என்று கணக்கு. எல்லாம் சுற்றிவிட்டுத் தமிழுக்கு வந்தால் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், அர்த்தத்தையே எடுத்து அருளப்பன் என்று வைத்திருக்கிறார்கள் பார், என்றான், அன்றைக்கே இரண்டு பேருக்கும் இதுதான் என்று தெரிந்துவிட்டது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள், கிழவன் பேரு, புள்ள பொறக்கும்போதே மீசையோட பொறக்கும், என்று. பிறக்கட்டுமே அத்தை, நானே முறுக்கிவிடுறேன் என்று இவள் சொன்னாள். சொன்னாளே…

ஏழாம் மாதம், ஒரு மதியம், உதை நின்றது. அவ்வளவுதான், சத்தம் போட்டெல்லாம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றியதைக் கொண்டுபோவதற்கு முன்னால் நர்ஸ் மெதுவாகக் கேட்டாள், பேரு ஏதாச்சும் வெச்சிருந்தீங்களா? இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் "இல்ல" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. இல்லையா? அத்தனை சாயங்காலமும் இல்லையா? அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேரு வரவேயில்லை, இவள் எடுத்தால் அவன் எழுந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அவன் மறந்துவிட்டான், துடைத்துப் போட்டுவிட்டான், நான் மட்டும் சுமக்கிறேன்… அதை நினைத்து நினைத்துத்தானே பிரிந்தாள், அந்த ஒரு கோபம் இல்லாவிட்டால் காலையில் எழுந்து பல் தேய்த்து இந்தக் கடைக்கு வந்திருக்கவே முடியாது.

இவான். அதுவும் ஒரு சாயங்காலத்துப் பேருதான், அதே பேரின் இன்னொரு உடுப்பு. பனி பெய்கிற ஊருல இவான்னு கூப்பிடுவாங்கடா, ஸ்வெட்டர் போட்டுக்க, என்று வயிற்றின் மேல் துண்டைப் போர்த்தினானே. ஒருவேளை அவனுக்கு ஞாபகம் இல்லையோ, புதுசாக வந்தவள் ஆசையாய் ஒரு பேரு சொன்னாள், அவனும் தலையாட்டினான், அப்படி இருக்கலாம் இல்லையா? ஒரு புள்ளி விட்டுப்போனால் ராத்திரி தூக்கம் வராதவன், சாப்பாட்டுக் கடைப் பலகையில் கூடப் பிழை திருத்துகிறவன், அவனுக்கா தெரியாது? தெரியும். தெரிந்துதான் தங்கைக்குச் சரி என்று தலையாட்டியிருக்கிறான், படுபாவி, என் பிள்ளையின் பேருக்கு வேறு சட்டையை மாட்டி உன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாயே… எதிரில் இருப்பவளிடம் சொல்லிவிடலாமா, உங்க அண்ணன் உன்னை ஏமாத்திட்டார்னு, ஒரு வாக்கியம் போதும், நாத்தனார் அண்ணனைப் பிடித்து ஆடித் தீர்த்துவிடுவாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. திருகாணி உட்கார்ந்துவிட்டது. மெல்ல முறுக்கி, லென்ஸைத் துடைத்து, நாத்தனாரின் காதோரம் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"அப்பாடா, இப்பத்தான் உங்க முகமே தெரியுது. என்ன அண்ணி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"மெஷின் தூசி."

நாத்தனார் நம்பவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்க வந்து சொல்றதா இல்ல அண்ணி, எதுக்கு உங்க மனசைக் கிளறணும்னு. அண்ணன்தான் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு. அண்ணிகிட்டப் போய்ச் சொல்லு, பேரை மறக்காம சொல்லு, பேரைக் கேட்டா போதும் அவளுக்குன்னாரு. என்ன போதுமோ, எனக்கு ஒண்ணும் புரியல."

பேரைக் கேட்டா போதும் அவளுக்கு… என்ன போதும், என்னடா போதும்? மன்னிப்பா இது, இல்லை எனக்கும் ஞாபகம் இருக்கு என்று இத்தனை வருஷம் கழித்து ஒரு பதிலா, அப்படியானால் அந்த 'இல்ல'… யாரோ ஒரு நர்ஸிடம் அந்தப் பேரைச் சொல்ல வாய் வராமல் சொன்னதா, குழாயைத் திறந்துவிட்டு நின்றவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான், ஒரு தடவையாவது பின்னாலேயே போய்ப் பார்த்தாளா? கோபத்தைத் தேடுகிறாள், வைத்த இடத்தில் காணோம்.

நாத்தனார் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "நான் வரேன் அண்ணி. அண்ணன் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கேட்டேன்னு சொல்லு."

"யாரைக் கேட்டீங்கன்னு? குழந்தையையா, அண்ணனையா?"

வாசலில் நின்றபடி அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள், உள்ளே மெஷின் நின்றிருக்கிறது, யாரை என்றுதான் இவளும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.