தியெம் நின்ற தரை

முப்பத்து நான்காவது வயதில் தியெம் தரைக்குள் அமிழத் தொடங்கினாள். சான் ஹோஸே நகரத்தின் கிழக்கே, அம்மா லுவாவின் கரும்புச்சாறு கடை வாசலில் நின்று, கட்டடச் சொந்தக்காரரோடு ஃபோனில் வாதாடிக்கொண்டிருந்தபோது, சிமெண்ட் தரை இளகி அவளைக் கணுக்கால்வரை உள்ளே வாங்கிக்கொண்டது. பேசி முடித்துக் காலை உருவிக்கொண்டு, மருந்தகத்து வேலைக்குக் கிளம்பிப் போனாள். எடை பார்த்தால் கோழிக்குஞ்சு எடைதான். மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கடைக்கு வருகிறவர்கள் பள்ளத்தைத் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டார்கள். மழை பெய்தால் அதில் சிட்டுக்குருவிகள் குளித்தன.

அந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலம் பேசும் வாய் அவள் ஒருத்திதான். அப்பாவின் நுரையீரலைப் பற்றி மருத்துவர் சொன்னதை ஒன்பது வயதில் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவளும் அவளே. அன்றிலிருந்து வரி, வங்கி, மின்சாரம், தம்பி உத் வாங்கிய அபராதச் சீட்டு எல்லாம் அவள் தலையில். வீட்டில் அவளை ஹாய் என்றுதான் கூப்பிடுவார்கள். வணக்கம் வைப்பதல்ல, இரண்டு என்று பொருள். இவர்களைப் போன்ற வியட்நாமின் தெற்கத்திக்காரர்கள் தலைப்பிள்ளையையே இரண்டாவது என்பார்கள். முதல் பிள்ளையைத் தேடி வரும் பேய் ஏமாந்து திரும்பட்டும் என்று. இப்போது சியாட்டில் நகரத்தில் அவளுக்குப் பெரிய வேலையொன்று காத்திருந்தது. மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் அதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தரை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

முதலில் போன மனநல ஆலோசகர் எலினோர் தங்கமான மனுஷி. வீட்டில் 'இரண்டாவது' என்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டதும் இறந்துபோன முதல் குழந்தைக்காகக் கண்ணீர் விட்டார். அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று சொல்லி அவர் மனதை நோகடிக்க தியெமுக்கு மனம் வரவில்லை, கூடச் சேர்ந்து அழுதாள். பிறகு எலினோர் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி ஒரு வாக்கியத்தைப் பழக்கினார்: நான் என் வாழ்க்கையை வாழ விரும்புகிறேன். மொழிபெயர்த்தே வளர்ந்தவளாயிற்றே, தியெம் அதை எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்து அம்மாவிடம் சொன்னாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அங்கேதான். அவர்கள் மொழியில் பெற்றவளிடம் 'நான்' என்று யாரும் பேசுவதில்லை. அம்மாவுக்கு முன்னால் தன்னை 'கொன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும், பிள்ளை என்று அர்த்தம். தனியாக 'தோய்' என்றொரு 'நான்' உண்டு. அது போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆனது. தியெம் சொன்னது அந்தத் தோய்.

லுவா கரும்பு பிழியும் இயந்திரத்தை நிறுத்தினாள். பிறகு முக்காலியிலிருந்து ஒரு சாண் மேலெழும்பினாள். மறுநாள் காலையில் கூரையில் முதுகு முட்ட மிதந்தாள். உத் அம்மாவின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை இயந்திரத்தில் முடிந்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால் வியாபாரம் கூடியது. சாறு விலை மட்டும் ஏறவில்லை. தியெம் கடைக்குள் வந்தால் மேலேயிருந்து குரல் வரும்:

"டேய் உத், ஆபீசர் அம்மா வந்திருக்காங்க பாரு. மரியாதையா நாற்காலி போடுடா."

தியெம் முழங்கால்வரை அமிழ்ந்தாள். அம்மாவை இழந்துவிட்டோம் என்ற பயம் அவளைச் சோறு இறங்காமல் வாட்டியது.

மீன்கடை மாடியில் தூயெத் என்ற ஆலோசகர் இருப்பதாக உத்தான் சொன்னான். அவளும் இதே மாதிரி வீட்டில் வளர்ந்தவள். அவள் அறைத் தரைக்குக் கனத்த இரும்புத் தகடு போட்டிருந்தது. அமிழ்கிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள் என்றாள்.

"அம்மாகிட்ட சொன்னதை அப்படியே சொல்லு பாக்கலாம்."

தியெம் சொன்னாள். தூயெத் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! பெத்தவகிட்ட போய் தோய்னா சொன்னே?"

"இங்கிலீஷ்ல அப்படித்தானே இருந்துச்சு?"

"இருக்கட்டும். உங்கம்மா காதுல 'நீ யாரோ நான் யாரோ'ன்னுல்ல விழுந்திருக்கும்?"

தியெம் அழுதாள். "'கொன்'னு ஆரம்பிச்சா 'சரி மா'ன்னுதான் முடியுது. வேற எதுவும் வாயில வர மாட்டேங்குது."

"வரும். பிள்ளைன்னா ஆசையே இருக்கக்கூடாதுன்னு எவ சொன்னா? இங்கயே பழகு."

பழகினாள். கொன்னுக்கு மீன் வேண்டாம். கொன்னுக்குத் தூக்கம் வருகிறது. கொன்னுக்குக் கோபம். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் காலடியில் வளைந்திருந்த இரும்புத் தகடு லேசாக நிமிர்ந்தது.

மாதக் கடைசி ஞாயிறன்று கடை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கால்கள் புதைந்துகொண்டிருந்தன.

"மா, கொன்னுக்கு சியாட்டில் போகணும்னு ஆசையா இருக்கு. கொன்னுக்கு ரொம்பக் களைப்பா இருக்கு மா. கொன் உன்னை விட்டுட்டுப் போகல."

மேலேயிருந்து கேள்வி வந்தது.

"கரண்டு ஆபீசுல யாரு பேசுறது?"

"உத் பேசட்டும். அவனுக்கும் வாய் இருக்குல்ல?"

உத்தின் கையிலிருந்த கண்ணாடித் தம்ளர் விழுந்து உடைந்தது. லுவா கயிற்றைப் பிடித்து, கிணற்றில் இறங்குவதுபோல மெல்ல இறங்கி வந்து மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது.

"பேயை ஏமாத்தத்தான்டி உன்னை ரெண்டாவதுன்னு கூப்பிட்டோம். முதல் ஆளோட பாரத்தையும் நீயே தூக்குன்னா சொன்னேன்?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "குளிர் ஊராச்சே, சூப்புக்கு எலும்பு எங்க வாங்குவே?" என்று கேட்டாள். இழுத்த இழுப்பில் தியெமின் கால்கள் தரையிலிருந்து வெளியே வந்தன. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

லுவா முழுக்கத் தரைக்கு வரவில்லை. நான்கு விரல் உயரத்தில் நின்றுவிட்டாள். செருப்புத் தேய்வதில்லை, மேல் அலமாரி எட்டுகிறது, அதனால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. உத் நிற்கும் இடத்தில் இப்போது சிமெண்ட் நகக்கண் அளவுக்குக் குழிகிறது. ஆம்பிளைக்கும் கொஞ்சம் எடை வேண்டும் என்கிறாள் லுவா. தியெம் சியாட்டிலில் தரைத்தளமாகப் பார்த்துக் குடியேறினாள். ஞாயிறுதோறும் அம்மா ஃபோன் செய்கிறாள்.

"ஹாய், தரை எப்படிடி இருக்கு?"

"தாங்குது மா. நீ எவ்வளவு உசரத்துல இருக்கே?"

"அதே நாலு விரல்தான். சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே, சொல்லு."