கல்யாணக் கார்டில் என் பெயர்

உலு திராம் ஊரில் எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தால், பாஸ்டர் தேவானந்தன் முதலில் என்னைத்தான் பார்ப்பார். பெருமையடித்துக்கொள்கிறான் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் தப்பில்லை, பெருமைதான். கிலாங், அதாவது தொழிற்சாலை, ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் டிரைவருக்கு வேறு எவன் மைக் கொடுக்கிறான்?

என் பெயர் சுகுமாறன். வயது ஐம்பத்து மூன்று. ஞானஸ்நானம் எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று சம்சுச் சாராயப் போத்தலைத்தான் கேட்க வேண்டும். இப்போது ஒரு சொட்டு கிடையாது. ரோட்டில் எவனாவது குறுக்கே விழுந்தால் அவன் அம்மாவை இழுத்த வாய், இப்போது "ஸ்தோத்திரம்!" என்று சொல்லிவிட்டு பிரேக் போடுகிறது. "அங்கிள், நீங்க ஸ்தோத்திரம் சொல்றது திட்டுற மாதிரியே இருக்கு லா" என்று பஸ்ஸில் வரும் பெண்பிள்ளைகள் கேலி செய்வார்கள். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று நானும் சொல்லவில்லை.

என் மனைவி கஸ்தூரி என்னை விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடம். மகள் சாந்தினியைக் கையில் பிடித்துக்கொண்டு சிகாமட்டில் இருக்கும் அண்ணன் லெட்சுமணன் வீட்டுக்குப் போனவள்தான். நான் போய்க் கூப்பிடவில்லை. முதல் எட்டு வருடம் குடியில் போனது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம்.

போன வருடம் சாந்தினியே என் நம்பரைத் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். இந்த ஆகஸ்டில் ஒரு நாள் போன் செய்தாள்.

"அப்பா, நவம்பர்ல எனக்குக் கல்யாணம்."

பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன்.

"திங்கக்கெழமை கார்டு அடிக்கக் கொடுக்கிறோம். உங்க பேரைப் போடலாமா வேணாமான்னு அம்மாதான் சொல்லணும். அம்மா வேணாம்னா மாமா பேரு மட்டும்தான். நான் அம்மாவை எதுத்துப் பேச மாட்டேன்ப்பா. சொல்லிட்டேன்."

நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? கார்டைக் கையில் வாங்கியதும் தேதியைப் பார்ப்பதற்கு முன்னால் யார் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பெற்றவன் உயிரோடு இருக்க, மாமன் பெயர் மட்டும் இருந்தால் போதும். செத்தானா, ஓடினானா, சிறையில் இருக்கிறானா என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே ஆராய்ச்சி முடிந்துவிடும். ஆனால் ஊர் வாயை நினைத்து நான் தவிக்கவில்லை. மண்டபத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடாவிட்டாலும் சரி, என் மகள் கல்யாணக் கார்டில் அவளுக்கு அப்பன் என்று என் பெயர் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் நான் என்னவென்று மிச்ச நாளை ஓட்டுவது?

இரண்டு நாள் ஜெபம் பண்ணினேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆண்டவர் கொடுத்த யோசனை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மூவாரில் ஒரு சபையில் நான் சாட்சி சொன்னதை வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். பதினொரு நிமிடம். கேட்டவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைக் கஸ்தூரி பார்த்தால் நான் எப்படி மாறிவிட்டேன் என்று தெரிந்துகொள்வாள் அல்லவா? சாந்தினிக்கு அனுப்பி, 'அம்மாவிடம் காட்டு' என்று எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. 'அம்மா பாத்தாங்க. சனிக்கிழமை உங்களை வரச் சொல்றாங்க.'

நான் போட்ட ஸ்தோத்திரத்தில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து "அலமாக், ஆக்சிடெண்டா அங்கிள்?" என்று கேட்டாள். பாஸ்டருக்கும் சந்தோஷம். "போயிட்டு வாங்க பிரதர், இந்த ஞாயிறு ஒரு புது சாட்சி காத்திருக்கு" என்றார்.

சனிக்கிழமை லார்க்கின் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்து, பத்தரை மணிக்கெல்லாம் சிகாமட்டில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். லெட்சுமணன் மச்சான் கிரில் கதவைத் திறந்து "வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குமேல் ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்தேன். அவர் உட்காராமல் சுவரோரமாக நின்றார். சாந்தினி ஐஸ் பெட்டிப் பக்கம் நின்றாள். பன்னிரண்டு வயதில் பார்த்த பிள்ளை, இப்போது என் அளவு உயரம். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆசை, ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

கஸ்தூரி வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. கையில் போன்தான் இருந்தது.

"நல்லா இருக்கியா கஸ்தூரி?"

"இருக்கேன். வீடியோ பாத்தேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க."

போனை மேசைமேல் வைத்து ஓட விட்டாள். என் குரல் அந்த வீடு முழுக்கக் கேட்டது. "அது தீபாவளிக்கு முந்தின ராத்திரி. மூணு போத்தல் சம்சு உள்ள போயிருச்சு. கண்ணு மண்ணு தெரியல. பிசாசு என் கையைப் புடிச்சுக்கிட்டான்! கட்டுன பொண்டாட்டி கையை நானே ஒடைச்சேன்!" கூட்டத்தில் யாரோ "ஆண்டவரே!" என்று அலறினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில்கூட, நன்றாகத்தான் பேசியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

கஸ்தூரி வீடியோவை நிறுத்தினாள்.

"அன்னிக்கு எத்தனை போத்தல்?"

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குறேன்ல. எத்தனை?"

"அது வந்து..."

"காலையில ஆறு மணி. நீங்க வேலைக்குக் கெளம்பிச் சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. ஸ்கூல் கேண்டீன்ல எனக்கு வேலை கெடைச்சிருக்குன்னு சொன்னேன். என்னைக் கேக்காம எப்படிடி போனேன்னு கேட்டீங்க. ஹெல்மெட்டை எடுத்தீங்க. உங்க வாயில பல்லு வெளக்கின வாசம்தான் வந்துச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "குடிச்சிட்டு அடிச்சதையெல்லாம் நான் கணக்குலயே வெச்சுக்கல. குடிகாரன், என்ன பண்றதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். குடிக்காம அடிச்சீங்க பாருங்க, அந்த ஒரு நாளாலதான் நான் வீட்டை விட்டுக் கெளம்புனேன். அதைப் போயி போத்தல் மேலயும் பிசாசு மேலயும் போட்டுட்டீங்க. முந்நூறு பேருகிட்ட என் கையைப் பத்திச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கீங்க. என்கிட்ட ஒரு தடவை வந்து சொன்னீங்களா? ஊருக்குத்தான் உபதேசமா?"

பொய் எப்படி வளர்ந்தது என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சாட்சி சொன்னபோது, 'மனைவியை அடித்தேன்' என்று மட்டும்தான் சொன்னேன். "பாவம், குடிச்சிருந்தீங்களா பிரதர்?" என்று ஒரு அம்மா கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அடுத்த தடவை காலை ராத்திரி ஆனது. அதற்கு அடுத்த தடவை சாதாரண நாள் தீபாவளி ஆனது. பிறகு பிசாசு வந்தான். கை தட்டத் தட்ட, நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வீட்டில், அந்த நாற்காலியில், எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இல்லை என்று சொன்னால் மறுபடியும் பொய். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தேன். 'கடவுளே மன்னித்துவிட்டார், நீ யாரடி கேட்க?' என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. லெட்சுமணன் மச்சான் ஓர் அடி முன்னால் வந்தார். சாந்தினி சட்டென்று அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அவள் நின்ற அந்த நிற்பைப் பார்த்ததும் நாற்காலிக் கையை விட்டுவிட்டேன்.

"இயேசுவே" என்று மனசுக்குள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். குரல் எதுவும் கேட்கவில்லை, வெளிச்சமும் வரவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அவர் என்னை மன்னித்தது உண்மை. ஆனால் அவர் மன்னித்தது தீபாவளி ராத்திரிக் குடிகாரனை இல்லை, அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை. பல் விளக்கி, சட்டை போட்டு, தெளிவாக நின்ற அந்தக் காலை ஆறு மணிக்காரனைத்தான் மன்னித்தார். அவனை நான் யாரிடம் ஒளிக்கிறேன்?

"குடிக்கல கஸ்தூரி" என்றேன். "ஒரு சொட்டு குடிக்கல. என்னைக் கேக்காம நீயா ஒரு வேலை தேடிக்கிட்டது எனக்குப் பொறுக்கல. தெரிஞ்சுதான் அடிச்சேன். பிசாசு வரல. நான்தான். என்னை மன்னிச்சிரு."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"புள்ளையையும் அப்படியே சொல்லச் சொன்னது?"

"நான்தான்."

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு மறந்துபோனதெல்லாம் அவளுக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். இரண்டில் மட்டும் "அது எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா நீ சொன்னா நடந்துதான் இருக்கும்" என்றேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், கேள்வி ஏற ஏற எனக்குப் பாரம் குறைந்துகொண்டே வந்தது. லாரியில் இருந்து மூட்டை இறக்குவது மாதிரி இருந்தது.

கடைசியில் கஸ்தூரி பெருமூச்சு விட்டாள். "பழைய ஆளா இருந்தா மூணாவது கேள்விக்கே இந்த மேசை கவுந்திருக்கும்."

"அதுக்குத்தான் நானும் நின்னுக்கிட்டே இருக்கேன்" என்றார் லெட்சுமணன் மச்சான். "முட்டி விட்டுப்போச்சு."

சாந்தினி களுக்கென்று சிரித்துவிட்டாள். கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உக்காருண்ணே. இனிமே கவுக்க மாட்டாரு" என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு இருந்த நிம்மதியை எந்தச் சபையில், எந்த மைக்கில் சொல்ல முடியும்?

"உங்க சாமி உங்களை என்னமோ பண்ணித்தான் இருக்காரு" என்றாள் என்னிடம். "ஆனா நான் கும்புடுற சாமியை நான் விட மாட்டேன்."

"விடச் சொல்லல."

"உங்ககூட வந்து இருக்கவும் மாட்டேன்."

"கேக்க மாட்டேன்."

"நாளைக்கு உங்க சபையில நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. போன்ல லைவ் போடுவாங்களாமே, நாங்க பாக்குறோம். அப்புறம் கார்டைப் பத்திச் சொல்றேன்."

மறுநாள் காலை பாஸ்டர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். "நான் இங்க சொன்ன சாட்சியில பொய் இருக்கு" என்று ஆரம்பித்தேன். காலை ஆறு மணி என்றேன், ஹெல்மெட் என்றேன், குடிக்கவில்லை என்றேன். பிசாசு பெயரை எடுக்கவே இல்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை, அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு எழுந்துவந்து என் தோளில் கை வைத்தார். அந்த மூவார் வீடியோவை நீக்கச் சொல்லி அவரே அன்றைக்குப் போன் போட்டார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் என் பக்கம் வராமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இனிமேல் எந்தச் சபையும் என்னைக் கூப்பிடாது என்று தெரிந்தது. போகட்டும். அப்போது பிரேமலா என் பக்கத்தில் வந்தாள். ஆராதனைக்குப் பிறகு காப்பி கலக்கிக் கொடுக்கும் பெண், அதிர்ந்து பேச மாட்டாள். காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரும் குடிக்கிறதில்ல பிரதர்."

நான்கு வருடமாக நான் போத்தல் கதை சொல்லும்போதெல்லாம் இவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். என் கதையில் தன் கதைக்கு இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்றைக்கே அவளைப் பாஸ்டர் மனைவியிடம் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்த பிறகுதான் கீழே இறங்கினேன்.

டயர் கடை வாசலில் போன் அடித்தது. கஸ்தூரியே பேசினாள்.

"பாத்தோம்."

"ம்."

"அண்ணன்கூடக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. கார்டுல உங்க பேரைப் போடச் சொல்லிட்டேன். ஆனா என் பேருதான் முதல்ல வரும். கஸ்தூரி, சுகுமாறன் தம்பதியரின் மகள்னு. ஊர்ல ஒருத்தனும் அப்படிப் போட மாட்டான். சம்மதமா?"

"என் பேரைச் சின்ன எழுத்துல போட்டாலும் சம்மதம்" என்றேன்.

"எழுத்தெல்லாம் ஒரே அளவுதான். முப்பதாம் தேதி காலையில ஏழு மணிக்கு மண்டபத்துல இருக்கணும். லேட்டா வந்தீங்கன்னா அண்ணன் பேருதான்."

கார்டு அடித்த பிறகு பெயரை எப்படி மாற்றுவாள் என்று நான் கேட்கவில்லை. ஏழு மணி என்ன, நான் முதல் நாளே போய் வாசலில் நிற்பேன்.