உட்காரக் கூடாத நாள்

ராதிவோயின் நாற்காலி அலறினால் எதிர் அறையில் இருக்கும் என் கையில் தேநீர் தளும்பும். இருக்கையில் விரித்திருக்கும் தகடு அவருடைய எடையை இழந்த கணமே ஓசை எழுப்பும். தாதி எதெல்கா ஓடி வருவாள். கோடையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு முதியோர் இல்லத்தார் செய்த ஏற்பாடு அது. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை ஒன்றையும் கட்டிவிட்டார்கள்: துணையில்லாமல் எழக்கூடாதவர். இன்னொரு முறை விழுந்தால் மேல்மாடிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே கட்டிலுக்கு வேலி உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

அன்று புனித லூக்காவின் நாள். ராதிவோய் குடும்பத்தின் ஸ்லாவா, அதாவது குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து நாள். எங்கள் செர்பியக் குடும்பங்களில் ஸ்லாவாவுக்கு எவரையும் அழைப்பதில்லை. நாள் எல்லோருக்கும் தெரியும், தாமாகவே வருவார்கள். கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுக்காரர் உட்காருவதும் இல்லை.

ராதிவோய் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, கல்யாணங்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டை அணிந்திருந்தார். மேசைமேல், வருகிறவருக்கு முதலில் நீட்டுவதற்காகச் சமையலறையில் கெஞ்சி வாங்கிய வேகவைத்த கோதுமை, அதன்மேல் சர்க்கரைத் தூள், ஒரு புட்டி சிவப்பு ஒயின். நெருப்புக்கு அனுமதி இல்லாததால் மெழுகுவர்த்தி மட்டும் மின்கலத்தில் எரிந்தது.

நாற்காலி அலறியது.

"மறுபடியுமா மாமா? உட்காருங்க."

"ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் உட்காருவானா? உங்க ஹங்கேரிக்காரங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது!"

"ஹங்கேரிக்காரங்களுக்கும் இடுப்பெலும்பு உடையும் மாமா. யாராச்சும் வரட்டும், நானே கையப் புடிச்சு எழுப்பி விடுறேன்."

"வர்றவன் என்னை உட்கார்ந்த கோலத்துல பார்க்கணுமா?"

அவள் தோளை மெல்ல அழுத்தி அவரை உட்கார வைத்தாள். ஓசை அடங்கியது. சற்று நேரத்தில் மறுபடி அலறியது. இப்படியே மதியம் கழிந்தது. கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியே எவரும் வரவில்லை.

எதெல்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். "வாத்தியாரே, கால் ரெண்டும் நடுங்குது அவருக்கு. நீங்கதான் ஒரு கதையாவது சொல்லி உட்கார வைக்கணும்."

நான் போய் அவருடைய கட்டில் ஓரத்தில் அமர்ந்தேன்.

"நான் ஒருத்தன் வந்திருக்கேனே, ராதிவோய். போதாதா?"

"நீ எதிர் அறைக்காரன். வீட்டாள் கணக்கு. விருந்தாளியில சேர்த்தி இல்ல."

அது எனக்கு இதமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கதையைத் தொடங்கினேன்.

"ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சு. வருஷா வருஷம் அதோட வளைக்கு நண்பர்கள் வருவாங்க. கால் தளர்ந்ததும் அது ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற வளைக்குக் குடிபோச்சு. விருந்து நாள் வந்துச்சு. ஆப்பிளெல்லாம் அடுக்கி வச்சுட்டு வாசல்லயே நின்னுச்சு. யாரும் வரல. அங்க, பழைய வளை வாசல்ல, நண்பர்களெல்லாம் கூடி நின்னு கூப்பிட்டுப் பார்த்தாங்க. உள்ள புதுசா வந்திருந்த எலி எட்டிப் பார்த்துச்சு. எங்க போனார்னு அதுக்கும் தெரியல."

ராதிவோய் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை விற்றுவிட்டு அவர் இங்கே வந்தது போன பனிக்காலத்தில். வெளிநாட்டில், லின்ஸ் நகரில் இருக்கும் மகனைத் தவிர வேறு எவருக்கும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை. முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டவன் என்று தெரிய வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

"இப்பவாவது ரெண்டு பேருக்குப் போன் போட்டுச் சொல்லலாமே," என்றேன்.

"கூப்பிட்டு வந்தா அது ஸ்லாவா இல்ல, வாத்தியாரே. வெறும் சாப்பாடு."

பிறகு நாற்காலியின் கைகளை ஊன்றி, நான் தடுப்பதற்குள், கோதுமைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தகடு அலறியது. தாழ்வாரத்தில் எதெல்காவின் காலடிகள் விரைந்து வந்தன. அவள் வாசலில் மூச்சுவாங்க நின்றபோது, அவர் தள்ளாடியபடியே அவளை நோக்கித் தட்டை நீட்டினார்.

"வாம்மா. வீட்டுக்கு வா."

அவள் திட்டுவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஓடிவந்து அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தாங்கினாள். மறுகையால் தன் கத்தோலிக்க முறைப்படி, இடமிருந்து வலமாக, சிலுவையிட்டு ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தப்பாப் போட்டே சிலுவைய," என்றார் ராதிவோய். "பரவாயில்ல. உட்காரு."

"நான் உட்கார்ந்தா உங்கள யாரு புடிச்சுக்கிறது?"

இருவரும் நின்றார்கள். நாற்காலி கத்திக்கொண்டே இருந்தது. எவரும் அதை அணைக்கவில்லை. அவர் ஒயின் ஊற்றினார். பாதி மேசைவிரிப்பில் போயிற்று. பணியில் குடிக்கக் கூடாதென்று அவள் உதட்டை மட்டும் நனைத்தாள்.

அப்போது தாழ்வாரத்தின் கோடியில் வேறோர் அறையின் மணி அடித்தது. அவள் தயங்கினாள்.

"போம்மா," என்றார் அவர். "அங்க யாரு விழுந்தாங்களோ."

எதெல்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து அவருடைய முழங்கையைப் பற்றிக்கொண்டேன். அவள் காலடிகள் தேய்ந்து மறையும்வரை அவர் நிமிர்ந்தே நின்றார். பிறகு, எவரும் சொல்லாமலே, மெல்ல நாற்காலியில் இறங்கினார். ஓசை நின்றது.

"கடைசி விருந்தாளியும் போயாச்சு," என்றார்.