முத்திரை வைத்த பொட்டலம்

சோமசேகரன் உளுந்து வடையைத் தின்று முடித்து, விரல் எண்ணெயை நஜீபாவின் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் துடைத்தார். அலுவலகத்தில் ஆள் இல்லாவிட்டால் அப்படித்தான். ஆள் இருந்தால் கைக்குட்டை எடுப்பார். காரைக்காலில் சுங்க முகவர் என்று பலகை மாட்டியிருப்பவர் அவர். பலகைக்குக் கீழே உட்கார்ந்து கணினியில் பதிவேற்றுவது நான்.

"அந்தம்மா வந்தா தலைய மட்டும் ஆட்டு. வாயத் தொறக்காத" என்றார்.

நஜீபா தலத்தெருவில் பூத்தையல் வகுப்பு தொடங்கப்போகிறாள். சேர்ந்திருப்பவர்கள் எல்லோரும் இறால் உரிக்கும் கொட்டகைப் பெண்கள். தைத்துப் பிழைத்தால் ஐஸ் தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள். வகுப்புக்காகச் சீனாவிலிருந்து அவள் வரவழைத்த பொட்டலங்கள் சென்னைத் துறைமுகத்தில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பூவின் கோட்டுருவம் அச்சிட்ட பருத்தித் துணி, வண்ண நூல், ஊசி. துணியும் நூலும் சேர்த்துச் சில்லறை விற்பனைக்குக் கட்டியிருந்தால், சுங்கத்தில் அது ஒரே பொருள், ஒரே வரித் தலைப்பு. பிரித்துக் காட்டினால் துணிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று. துணியும் நூலும் தனித்தனியாக ஆய்வகம் போய்த் திரும்ப வேண்டும். அதற்குள் இறால் சீசன் தொடங்கிவிடும். கொட்டகைக்காரன் வேன் அனுப்புவான், இவர்கள் ஏறிப் போய்விடுவார்கள்.

இது சோமசேகரனுக்கும் தெரியும். ஆனால் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், துணியே இல்லாத வெறும் நூலை அதே தலைப்பில் இறக்கிக்கொண்டிருந்தார். நஜீபாவின் பொட்டலத்தை அந்தத் தலைப்பில் பார்க்கும் அதிகாரி, அந்த ஆளின் பெட்டியில் துணி எங்கே என்று கேட்காமல் இருக்க மாட்டார். அதனால் நஜீபாவுடையதைப் பிரித்துப் பதியச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் எடுத்து, சுங்க அரக்கு முத்திரை வைத்த மாதிரிப் பொட்டலம் மேசைமேல் இருந்தது. மறுநாள் சென்னையில் விசாரணை. அதில் அதை உடைக்காமல் காட்ட வேண்டும்.

நஜீபா வந்தபோது செல்லமும் கூட வந்தாள். செல்லம் கல்யாணமானதிலிருந்து கொட்டகையில் உரித்தவள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. இரண்டு விரல்களில் நகமே இல்லை.

"வாங்கம்மா, வாங்க. காலைலேர்ந்து ஒங்க வேலதான் ஓடிக்கிட்டிருக்கு." கைக்குட்டை வெளியே வந்துவிட்டது.

"பிரிச்சுப் போடுறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்றாள் நஜீபா. "நாளைக்கு நானே காட்டிப் பேசிக்கிறேன்."

"பேஷா பேசுங்க. ஆதார் காப்பிதான் ஒண்ணு கொறயுது. எதுத்தாப்புலயே ஜெராக்ஸ் கட இருக்கு."

ஆதார் நகல் கோப்பில் இருந்தது. அதை வைத்ததே நான்தான்.

நஜீபா தெருவைத் தாண்டியதும் பொட்டலத்தைச் செல்லத்தின் பக்கம் நகர்த்தினார். "ஒங்களுக்காகத்தானே வந்திருக்கு? பிரிச்சுப் பாருங்கம்மா."

"டீச்சர் வந்துரட்டுங்க."

"பொடவ எடுக்கப் போனா பிரிக்காமயா எடுப்பீங்க?"

"சார், சீலு…" என்றேன்.

"நீ போயி டீ சொல்லிட்டு வா."

நான் போகவில்லை. கணினித் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

செல்லம் கையை முகர்ந்து பார்த்தாள். முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். பிரித்ததும் அரக்கு பொலபொலவென்று உதிர்ந்தது. துணியில் பெயர் தெரியாத ஏதோ ஒரு பூ. "உரிச்ச எறா மாரி வழுவழுன்னு இருக்கே நூலு!" என்று சிரித்தாள். சோமசேகரனும் சிரித்தார். பொட்டலத்திலிருந்து ஓர் ஊசியை எடுத்து, பல்லிடுக்கில் மாட்டியிருந்த உளுந்துத் தோலைக் குத்தி எடுத்து, நாக்கில் தடவி விழுங்கினார். ஊசியைத் திரும்பவும் உள்ளே செருகிவிட்டார்.

நஜீபா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாரு பிரிச்சா?"

"அவங்கதான் ஆசப்பட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? இப்ப இது செட்டு இல்லம்மா. துணி, நூல், ஊசி. கையெழுத்துப் போட்டுட்டா கொஞ்சம் லேட்டானாலும் வந்துரும்."

"அல்லாவுக்குப் பயந்துக்குங்க."

"எல்லாச் சாமியும் ஒண்ணுதாம்மா" என்று நெற்றி விபூதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"டீச்சர், எனக்குத் தெரியாது டீச்சர்…"

"ஒங்கள ஒண்ணும் சொல்லலக்கா." நஜீபா காகிதத்தைத் தள்ளினாள். "போட மாட்டேன்."

"சரி, பிரிஞ்சு கெடக்குறதப் படம் எடுத்து அனுப்பிடுறேன். அதிகாரியே முடிவு பண்ணிக்கட்டும்." என்னைப் பார்த்தார். "டேய், தனித்தனியா வச்சு எடு."

துணியை ஒரு பக்கமும் நூலை ஒரு பக்கமும் அவரே பரப்பினார். செல்லம் நூலை எடுத்துத் துணிமேல் வைத்தாள். அவர் நகர்த்தினார். அவள் மறுபடியும் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடும்மா."

எடுக்கவில்லை. நான் கைப்பேசியை அழுத்தினேன். திரையில் பூ, நூல், அவற்றின்மேல் வெளுத்த விரல்கள்.

"கை தெரியாம எடுடா."

எடுத்தேன். அதிலும் கை இருந்தது. இன்னும் கிட்டே போய், கை திரை முழுக்கத் தெரிய எடுத்தேன்.