விசிறி வடிவில் ஒரு பச்சை

திரையில் மலைமேல் மழை ஓய்ந்துகொண்டிருந்தது. போனில் தம்பியோ அந்த மலையிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்றான். இரண்டும் ஒருசேர எப்படி உண்மையாகும் என்று வானிலை ரேடார் அறையில் பணியிலிருந்த அக்காவுக்கு விளங்கவில்லை.

"டீத்தண்ணி மாதிரி வருதுக்கா. சருகும் குச்சியும் மிதக்குது. மேல பெரிய மழையா?"

"லேசான தூறல்தான்டா காட்டுது."

"அப்ப சரி. பாலத்துத் தூணுக்குக் கான்கிரீட் போட்டுட்டிருக்கோம். பாதியில நிறுத்தினா மேஸ்திரி என்னையும் உள்ள வெச்சுப் பூசிடுவாரு."

போன வாரம் அவள் எச்சரித்து, ஆற்றுக்குள் இருந்த அத்தனை பேரும் சாமான்களோடு கரையேறினார்கள். பெய்தது தூறல். வானத்தின் உயரத்தில் உருகிக்கொண்டிருந்த பனித்துகள்கள், மேற்பரப்பில் ஈரம் பூசியிருந்ததால், ரேடாருக்குப் பெரிய பெரிய மழைத்துளிகளாகத் தெரிந்திருக்கின்றன. அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் 'பொய்மழை' என்று பெயர். "கலரைக் காட்டிப் பயமுறுத்த வேணாம். இனி மணிக்கு எவ்வளவுன்னு அளவு சொல்லட்டும், ஏறுறோம்" என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

ரேடாரின் வேலை எளிமையானது. அலையை அனுப்பும், துளிகள் அதில் கொஞ்சத்தைத் திருப்பியடிக்கும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம், வந்த பலத்தை வைத்து மழையின் அளவு. நிலையத்துக்கு அருகே திரையில் அடர்சிவப்பு. அதற்கு அப்பால், மலைமேல், வெளிர்பச்சை. சிவப்பு என்றால் பெருமழை, பச்சை என்றால் தூறல்.

கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"மெஷின்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள்.

"காலையிலதான் சோதிச்சேன் மேடம். அது என்னைவிட ஆரோக்கியமா இருக்கு."

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சிவப்புத் திட்டு மெல்ல வடக்கே நகர்ந்தது. பின்னாலிருந்த பச்சையும் கூடவே வடக்கே திரும்பியது. பச்சையின் வடிவத்தைப் பார்த்தாள். விரித்த விசிறி. அதன் இரு ஓரங்களும் நேர்க்கோடுகள். இரண்டையும் உள்நோக்கி நீட்டினால் ரேடாரில் வந்து சேர்ந்தன.

மேகத்துக்கு ரேடார் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதைக் குறிவைத்து எந்த மழையும் ஓய்வதில்லை. இந்த விசிறி ரேடார் பார்க்கும் விதத்தால் வந்தது.

"வெளிய எப்படிப் பெய்யுது?"

"வண்டி லைட்டு வெளிச்சம் வாசல் கேட்டு வரைக்கும்கூடப் போகல மேடம். மழையே குடிச்சிடுது."

அதேதான். போகும்போதும் வரும்போதும் அலை இந்தப் பெருமழையைக் கடக்கிறது. பலத்தில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிவிடுகிறது. மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் எதிரொலி நோஞ்சானாகத்தான் வந்து சேரும்.

ஆனால் விழுங்கியது எவ்வளவு? குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னால் மறுபடியும் பொய்மழை. சொல்லாவிட்டால்? தம்பி ஆற்றுக்குள் நிற்கிறான்.

பலத்தை நம்ப முடியாது. அலையில் மழை தொட்டும் குலைக்காத ஒன்று வேண்டும்.

பெரிய மழைத்துளி விழும்போது உருண்டையாக இருப்பதில்லை. கீழிருந்து காற்று அழுத்துவதால் பன் ரொட்டியைப் போலத் தட்டையாகிவிடும். இந்த ரேடார் இரண்டு விதமான அலைகளை அனுப்புகிறது: ஒன்று படுக்கைவாட்டில் அதிர்வது, மற்றது செங்குத்தாக. தட்டைத் துளி படுக்கை அலையைக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதப்படுத்தும். ஒன்றாகத் தபாலில் போட்ட இரண்டு கடிதங்கள் வழியில் கசங்கிப் போகலாம். அவற்றில் எது எவ்வளவு பிந்தி வந்தது என்பதைக் கசங்கல் மாற்றிவிடாது.

தாமதப் படத்தைத் திறந்தாள். மலைக்கு மேலே, வெளிர்பச்சை இருந்த அதே இடத்தில், தாமதம் செங்குத்துப் படியைப் போல ஏறியிருந்தது. கிலோமீட்டருக்கு எவ்வளவு ஏறுகிறதோ, அதை வைத்து மழையின் அளவு. கணக்கிட்டாள். சரிபார்க்க இன்னொரு தடவையும் கணக்கிட்டாள். பிறகு தம்பியின் போன் எண்ணை அழுத்தினாள்.

"டேய், எல்லாரும் மேல ஏறுங்க!"

"கலரா, அளவாக்கா?"

"அளவு. மணிக்குத் தொண்ணூறு மில்லிமீட்டர்."

தம்பி அதை உரக்கத் திருப்பிச் சொன்னான். பிறகு மேஸ்திரியின் குரல்: "போட்டது போட்டபடி ஏறுங்கடா!" கலவை இயந்திரம் நின்றது. ஓடும் காலடிகள். யாரோ வழுக்கி விழ, யாரோ திட்டினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மெக்கானிக் துண்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

தூரத்தில் லாரி வருவதைப் போல ஓர் இரைச்சல் எழுந்து, போனை நிறைத்தது.

"டேய்! டேய், இருக்கியா?"

இரைச்சலுக்கு நடுவே தம்பியின் குரல் வந்தது.

"வெள்ளத்துல தூணோட பலகை போச்சுக்கா. கம்பி எல்லாம் போச்சு."

"ஆளுங்க?"

"எல்லாரும் கரையிலதான். மேஸ்திரிக்கு ஒரு செருப்பு மட்டும் போச்சு." மூச்சு வாங்கினான். "அவரு உன்கிட்ட கேக்கச் சொல்றாரு. மொதல்ல தூறல்னியே, இந்த அளவு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"முன்னால பெருமழை நின்னா, பின்னால இருக்கற மழையோட எதிரொலிய அது தின்னுடும்டா. அதனால எதிரொலி எவ்வளவு பலமா வருதுன்னு பாக்கறத விட்டுட்டேன். படுக்கை அலை செங்குத்து அலையைவிட எவ்வளவு பிந்துதுன்னு பாத்து, அதை வெச்சு அளந்தேன்."